குதிரைக்கு ஊட்டி, தம்பிக்கு முட்டி: வேர்க்காத உடம்பின் கதை

இந்த எபிசோடை ஒரு ஈரச் சட்டையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

என் சித்தி பையன் அப்போ ஆறாம் கிளாஸ். நாங்க சேலையூர், அவங்க குரோம்பேட்டை. ஜூன் மாசம், ஸ்கூல் திறந்த முதல் வாரம், மத்தியானம் பி.டி. பீரியட். கிரவுண்டுக்குப் போனதும் அவன் வாட்டர் பாட்டிலைத் திறந்து தலையிலயும் சட்டையிலயும் ஊத்திக்கிட்டான். எப்பவும் செய்றதுதான். ஆனா அந்த வருஷம் பி.டி. சார் புதுசு. யூனிஃபார்மை நனைச்சுக்கிட்டு விளையாட்டான்னு சொல்லி வெயில்லயே முட்டி போட வெச்சுட்டார்.

சித்திக்கு ஃபோன் வந்தப்போ பையன் உடம்பு நெருப்பா கொதிக்குது. ஜுரம்னு முடிவு பண்ணி, பாராசிட்டமால் கொடுத்து, ஒரு போர்வையைப் போர்த்தி உட்கார வெச்சிருந்தாங்க.

அது ஜுரமே இல்லை. என் தம்பிக்கு வேர்க்காது. பிறந்ததிலிருந்தே வேர்க்காது.

இதைச் சொன்னா முதல்ல எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்: "குடுத்து வெச்சவன்பா!" காலையில தாம்பரத்துல இருந்து பீச் போற லோக்கல்ல நின்னுக்கிட்டு வர்றவங்க அப்படிச் சொல்றது நியாயம்தான். நானும் சின்ன வயசுல பொறாமைப்பட்டிருக்கேன். வேர்வைன்னா நமக்கு அழுக்கு, நாத்தம், டியோடரண்ட் விளம்பரம். அது இல்லாம போனா என்ன ஆகும்னு நாம யோசிச்சதே இல்லை.

அதனால முதல்ல கொஞ்சம் இயற்பியல். ஒரு லிட்டர் வேர்வை தோலில் இருந்து முழுசா ஆவியானால், உடம்பிலிருந்து சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் சக்திக்கு அருகில் வரும் கணக்கு இது. "முழுசா ஆவியானால்" என்பதைக் கவனிங்க. சொட்டுற வேர்வையால் பிரயோஜனம் இல்லை, காய்கிற வேர்வைதான் குளிர வைக்கும். நம்ம ஊர்ல ஈரப்பதம் அதிகம், வேர்வை காயவே மாட்டேங்குது. அதனாலதான் மே மாசத்துல 36 டிகிரியே 42 மாதிரி இருக்கு.

மனித உடம்பில் இப்படிப்பட்ட வேர்வைச் சுரப்பிகள் 20 முதல் 40 லட்சம் வரை இருக்கின்றன. அவை வேலை செய்யாவிட்டால், வெளியே காற்று நம்ம உடம்பை விடச் சூடாக இருக்கும் நாளில் உடம்புக்குள்ளே உருவாகும் வெப்பம் வெளியேற வழியே கிடையாது. சூடு ஏறிக்கிட்டே போகும். பாராசிட்டமால் அங்கே உதவாது. ஜுரத்தில் மூளையின் தெர்மோஸ்டாட்டே மேலே ஏறியிருக்கும், மாத்திரை அதைக் கீழே இறக்கும். இங்கே தெர்மோஸ்டாட் சரியாத்தான் இருக்கு, ஏசிதான் ரிப்பேர். வேண்டியது தண்ணி, காத்து, நிழல். போர்வை இல்லை.

நான் இஞ்சினியரிங் படிக்கும்போது ஒருநாள் ராத்திரி இதைப் பத்தி உட்கார்ந்து தேடினேன். வேர்க்காமல் போகும் நிலைக்கு மருத்துவப் பெயர் அன்ஹைட்ரோசிஸ். அதை டைப் பண்ணா வந்த முடிவுகள்ல பாதிக்கு மேல குதிரை! முதல்ல எரிச்சலா இருந்தது. அப்புறம் படிக்கப் படிக்க, அந்தக் குதிரைக் கதை நம்ம ஏரியா கதையாவே இருந்தது.

உடம்பைக் குளிர வைக்க முக்கியமாக வேர்வையையே நம்பியிருக்கும் விலங்குகள் ரொம்பக் கம்மி. நாய் நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைக்கும். எருமை குட்டையில் இறங்கிப் படுக்கும். மனுஷனும் குதிரையும்தான் உடம்பு முழுக்க வேர்த்துக் கொட்டி ஓடுகிறவர்கள். கடுமையாக ஓடும் குதிரைக்கு ஒரு மணி நேரத்தில் 10 லிட்டருக்கு மேல்கூட வேர்க்கும். ஓடி முடித்த குதிரையின் கழுத்தில் வெள்ளையாக நுரை கட்டியிருக்குமே, அது லாதரின் என்கிற புரதத்தின் வேலை. ரோமத்தைத் தாண்டி வேர்வை பரவுவதற்காகக் குதிரை உடம்பே தயாரிக்கும் சோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குதிரை நம்ம மண்ணின் விலங்கு இல்லை. தமிழ்நாட்டுக்குக் குதிரை வந்தது கடல் வழியாக. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, துறைமுகத்தில் வந்து இறங்கும் சரக்குகளின் பட்டியலில் குதிரைகளையும் சேர்த்திருக்கிறது. குதிரை வாங்க பாண்டிய மன்னன் கொடுத்தனுப்பிய பணத்தில் மாணிக்கவாசகர் கோயில் கட்ட, நரிகள் பரிகளாகி வந்து, ராத்திரியே திரும்ப நரியாகிக் காட்டுக்கு ஓடிய கதை எல்லாருக்கும் தெரியும். வரலாற்று மாணவனா அந்தக் கதையில எனக்குப் பிடிச்சது ஒண்ணு: ஒரு ராஜ்யத்தின் கஜானாவில் குதிரை வாங்குறது அவ்வளவு பெரிய செலவு. காலையில எழுந்து பார்த்தா லாயம் காலியா இருக்கலாம்ங்கிற பயமும் அதுக்குள்ள இருக்கு.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பற்றி மார்க்கோ போலோ எழுதியதைப் பாருங்கள். இங்குள்ள அரசர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார், அவருடைய சகோதரர்களும் அதே மாதிரி வாங்குகிறார்கள், ஆனால் வருஷக் கடைசியில் 100 குதிரைகூட மிஞ்சுவதில்லை என்கிறார். பராமரிக்கத் தெரியவில்லை, லாடமடிப்பவர்களோ குதிரை வைத்தியம் தெரிந்தவர்களோ இல்லை என்று காரணமும் சொல்கிறார். இதில் ஐடி ஆட்களுக்குப் புரியும் ஒரு வரி உண்டு. அரபு, பாரசீகக் கரையிலிருந்து குதிரை கொண்டுவரும் வணிகர்கள், குதிரை பார்க்கத் தெரிந்த ஒரு ஆளைக்கூட இங்கே வர விடுவதில்லையாம். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த வருஷ ஆர்டர் போய்விடுமே! சப்போர்ட் கொடுக்காம லைசென்ஸை மட்டும் வருஷா வருஷம் விக்கிற வேலை அன்னைக்கே இருந்திருக்கு.

அந்தக் குதிரைங்க எல்லாம் வேர்க்காமத்தான் செத்துச்சுன்னு நான் சொல்ல வரலை. மார்க்கோ போலோ வேர்வையைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நான் சொல்ல வர்றது இதுதான்: வறண்ட நாட்டு விலங்கைக் கொண்டுவந்து கடலோரப் புழுக்கத்தில் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்கிற சோதனை இந்தக் கரையில் பல நூறு வருஷம் நடந்திருக்கிறது.

பிரிட்டிஷ்காரர்கள் காலத்தில் அது நம்ம வாசலுக்கே வந்தது. மெட்ராஸ் ராணுவத்தின் பீரங்கிப் படைக்குத் தலைமையிடம் பரங்கிமலை. பீரங்கிகளை இழுக்கக் குதிரை வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் மெட்ராஸில் வந்து இறங்கின. வேல்ஸிலிருந்து வந்ததால் அவற்றுக்கு "வேலர்" என்றே பெயர். பரங்கிமலைக்குப் பக்கத்திலேயே கிண்டியில் பந்தயக் குதிரைகள். இன்னைக்கு நாம மெட்ரோல ஏசி காத்து வாங்கிக்கிட்டே கடக்கிற இடம் இது.

இப்படி வெப்ப நாடுகளுக்கு வந்த குதிரைகளில் ஒரு விசித்திரம் தெரிய ஆரம்பித்தது. புதிதாக வந்த குதிரை முதலில் அளவுக்கு மீறி வேர்க்கும். போகப் போகக் குறையும். பிடரி மயிருக்குக் கீழே, பின்னங்கால்களுக்கு நடுவே மட்டும் கொஞ்சம் ஈரம், மற்ற இடமெல்லாம் காய்ந்துபோய் ரோமம் சொரசொரவென்று ஆகிவிடும். நின்ற இடத்திலேயே மூச்சிரைக்கும். இதற்கு "டிரை கோட்" என்று பெயர் வைத்தார்கள். வறண்ட ரோமம் என்று சொல்லலாம்.

அதிலிருந்து ஆராய்ச்சிகள் வந்தன. 1957இல் சார்லஸ் லோவட் எவன்ஸ் என்ற பிரிட்டிஷ் உடலியல் அறிஞரும் அவருடைய சகாக்களும் இந்த டிரை கோட் குதிரைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களுடைய சந்தேகம் அட்ரினலின் பக்கம் திரும்பியது. பிற்காலத்து ஆய்வுகளும் அதே பாதையில்தான் போயின.

மனுஷனுக்கு வேர்வைச் சுரப்பியை இயக்குவது அசிட்டைல்கோலின் என்கிற ரசாயனம். குதிரைக்கு அட்ரினலின். சுரப்பியின் மேல் இருக்கும் ஏற்பிகளில் அட்ரினலின் வந்து தட்டினால் வேர்க்கும். புழுக்கமான ஊரில் பகலிலும் வெப்பம், ராத்திரியும் இறங்காத வெப்பம். அட்ரினலின் தட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு கட்டத்தில் ஏற்பிகள் மரத்துப்போய்ப் பதில் சொல்வதை நிறுத்திவிடுகின்றன.

ஆன்-கால் டியூட்டி பார்த்தவங்களுக்கு இது நல்லாவே தெரியும். ராத்திரி முழுக்க அலர்ட் அடிச்சுக்கிட்டே இருந்தா, ஒரு வாரத்துல நீங்க ஃபோனை சைலண்ட்ல போட்டுடுவீங்க. அப்புறம் நிஜமாவே சர்வர் டவுன் ஆனாலும் உங்களுக்குக் கேக்காது. குதிரையோட சுரப்பிக்கு நடந்ததும் அதுதான்.

இதற்கு இன்று வரைக்கும் நம்பகமான மருந்து கிடையாது. நிச்சயமாகப் பலன் தருவது ஒன்றுதான்: குளிர்ந்த இடத்துக்கு அழைத்துப் போவது. அமெரிக்காவில் புளோரிடா மாதிரி புழுக்கமான மாநிலங்களில் இந்தக் குதிரைகளுக்கு ஃபேன், நீர்த்தூவி, ஏசி லாயம் வரைக்கும் உண்டு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் எல்லாக் குதிரைகளுக்குமே பனித்தூறல் அடிக்கும் ஃபேன்களும் ஐஸ் தண்ணீரும் வைத்திருந்தார்கள். நம்ம ஊரில்? கோடை வந்தால் பந்தயமே மலையேறிவிடும் காலம் இருந்தது. ஏப்ரல், மே மாதங்களில் சென்னையின் ரேஸ் சீசன் ஊட்டிக்குப் போவது பல பத்தாண்டு வழக்கமாக இருந்தது.

நான் குதிரைக்குக் கிடைச்சதைக் குறை சொல்லலை. வாயில்லா ஜீவன், அதுக்கு வேண்டியதைச் செஞ்சாங்க. ஆனா இதே நேரத்துல வேர்க்காத மனுஷங்களுக்கு என்ன நடந்தது?

இப்போ சிந்து மாகாணத்துக்குப் போவோம். இன்றைய பாகிஸ்தான். வளர்ப்பு விலங்குகளும் தாவரங்களும் எப்படி மாறுகின்றன என்று சார்லஸ் டார்வின் ஒரு பெரிய நூல் எழுதினார். அதன் 1875ஆம் ஆண்டுப் பதிப்பில் சிந்துவின் ஒரு இந்துக் குடும்பம் வருகிறது. வெடர்பர்ன் என்பவர் அவருக்கு எழுதித் தெரிவித்த தகவல். நாலு தலைமுறையில் 10 ஆண்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு தாடையிலும் சேர்த்து நான்கே நான்கு சின்ன முன்பற்கள், பின்னால் எட்டு கடைவாய்ப் பற்கள். உடம்பில் ரோமம் ரொம்பக் கம்மி, சின்ன வயதிலேயே வழுக்கை. கோடையில் தோல் வறண்டு ரொம்பக் கஷ்டப்படுகிறார்கள். பெண்களுக்கு இது வருவதே இல்லை, ஆனால் பெண்கள் வழியாக அவர்களுடைய மகன்களுக்கு வருகிறது. அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்ததே இல்லை.

நான் இதை முதல் தடவை படிச்சப்போ கை நடுங்குச்சு. என் தம்பிக்குப் பல் எத்தனைன்னு எனக்குத் தெரியும். ஆணி மாதிரி கூரா இருக்கும். தலைமுடி மெலிசா, பொன்னிறமா இருக்கும். அவன் பிறக்கிறதுக்கு முன்னாடியே, 130 வருஷத்துக்கு முன்னாடி, ஒருத்தர் அவனை எழுதி வெச்சிருக்கார்.

1921இல் தடானி என்ற ஆய்வாளர் சிந்துவின் ஐதராபாத் பகுதியில் இருந்த இப்படிப்பட்டவர்களைப் பற்றி மரபியல் இதழ் ஒன்றில் எழுதினார். கட்டுரையின் தலைப்பே "பல்லில்லாத மனித வகை" என்கிற அர்த்தத்தில்தான் இருந்தது. வேர்வை இல்லை என்பதைத் தலைப்பில் காணோம். பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிந்தது பல். அவர்கள் உயிரை எடுத்தது வெயில்.

டார்வினுக்குப் புரியாத புதிருக்கு விடை 1996இல் கிடைத்தது. இடிஏ என்ற மரபணுவை அந்த ஆண்டு அடையாளம் கண்டார்கள். அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கரு வளரும்போது பல், முடி, வேர்வைச் சுரப்பி மூன்றும் உருவாக அந்த மரபணு தயாரிக்கும் புரதம் வேண்டும். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஒன்றில் பிழை இருந்தாலும் இன்னொன்று பேக்கப். ஆணுக்கு ஒரே எக்ஸ், அதுவும் அம்மா கொடுத்தது. அப்பா மகனுக்குக் கொடுப்பது ஒய். அதனால்தான் அப்பா வழியில் மகனுக்கு வரவில்லை.

ஒரு வித்தியாசத்தை இங்கே சொல்லிடணும். குதிரைக்குச் சுரப்பி இருக்கு, பதில் சொல்ல மாட்டேங்குது. என் தம்பி மாதிரி பசங்களுக்குச் சுரப்பியே உருவாகலை, இல்லைன்னா ரொம்பக் கொஞ்சமா இருக்கு. நோய் வேற வேற. ஆனா வெயில்ல நிக்கும்போது ரெண்டு உடம்புக்கும் நடக்கிறது ஒண்ணுதான்.

வேர்க்காத தோலுக்கு இன்னொரு வரலாறும் நம்ம ரயில் பாதையிலயே இருக்கு. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் போனால், திருமணியில் மத்திய தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம். லேடி வில்லிங்டன் பெயரில் இருந்த தொழுநோய் இல்லத்தை 1955இல் மத்திய அரசு எடுத்து நடத்த ஆரம்பித்தது. தொழுநோய் நரம்பைத் தாக்குவதால், தேமல் வந்த இடத்தில் உணர்ச்சி போகும், வேர்வையும் போகும். உடம்பெல்லாம் வேர்த்திருக்க அந்தத் தேமல் மட்டும் காய்ந்திருந்தால் அது டாக்டருக்கு ஒரு துப்பு. அதே துப்பு ஊருக்குத் தெரிந்தால் அந்த ஆள் வீட்டை விட்டே போக வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தா எனக்குத் தோணுறது இதுதான். வேர்க்காத உடம்பை உலகம் கவனிக்காம இல்லை. குதிரையைக் கவனிச்சாங்க, ஏன்னா அதுக்கு விலை இருந்தது. தொழுநோயாளியைக் கவனிச்சாங்க, ஏன்னா பயம் இருந்தது. சிந்து குடும்பத்தைக் கவனிச்சாங்க, ஏன்னா அது வினோதமா இருந்தது. குதிரைக்குக் கிடைச்ச நிழலும் தண்ணியும் மட்டும் மத்த ரெண்டு பேருக்கும் சுலபமா கிடைக்கலை.

கடைசியா சித்தியைப் பத்திச் சொல்லணும்.

தம்பி கைக்குழந்தையா இருந்தப்போ காரணமே இல்லாம ஜுரம் வந்துக்கிட்டே இருந்தது. இந்தப் பசங்களுக்கு அதுதான் முதல் அறிகுறி, நிறைய பேர் அதை இன்ஃபெக்‌ஷன்னு நினைச்சுடுவாங்க. பல டாக்டர் மாறின பிறகு, பல் முளைக்காததைப் பார்த்து ஒரு பல் டாக்டர்தான் சந்தேகப்பட்டார். மரபணு அம்மா வழியா வருதுன்னு தெரிஞ்சதும் வீட்டுல பேச்சு மாறிப்போச்சு. "உங்க வம்சத்துல இருந்துதானே" அப்படிங்கிற வார்த்தையைச் சித்தி எத்தனை கல்யாண வீட்டுல கேட்டிருப்பாங்கன்னு எனக்குத் தெரியாது.

டாக்டர் சித்தி முதுகுல அயோடினைத் தடவி, மேல ஸ்டார்ச் பவுடரைத் தூவினார். வேர்க்கிற இடம் கருநீலமா மாறும், வேர்க்காத இடம் அப்படியே இருக்கும். சித்தி முதுகு திட்டுத் திட்டா, வரி வரியா வந்தது. பெண்ணின் செல்களில் ஒவ்வொன்றிலும் இரண்டு எக்ஸில் ஒன்றுதான் வேலை செய்யும். சில இடத்தில் நல்ல எக்ஸ், சில இடத்தில் பிழையான எக்ஸ். அந்த வரைபடம்தான் முதுகில் தெரிந்தது. அதைப் பார்த்துட்டு சித்தி சொன்னது: "எனக்குப் பாதி முதுகுதான் வேர்க்கும்னு சின்ன வயசுலயே தெரியும். இதைப் போய் யார்கிட்ட சொல்றது?"

டார்வின் புத்தகத்துல வர்ற குடும்பத்துப் பெண்களுக்கும் இது தெரிஞ்சிருக்கும்னு நான் நினைக்கிறேன். அவங்களை யாரும் கேக்கலை. "பெண்களுக்கு வருவதில்லை"ன்னு ஒரே வரியில முடிஞ்சுபோச்சு.

நல்ல செய்தியும் இருக்கு. 2018இல் ஜெர்மனியின் எர்லாங்கன் மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கரு வயிற்றில் இருக்கும்போதே, காணாமல்போன அந்தப் புரதத்தைப் பனிக்குட நீரில் செலுத்தினார்கள். முதலில் இரட்டைப் பையன்கள், பிறகு இன்னொரு பையன். பிறந்த பிறகு மூவருக்கும் வேர்த்தது! ஆய்வுகள் இன்னும் நடக்கின்றன. என் தம்பிக்கு இது பயன்படாது, சுரப்பி உருவாகும் காலம் கருவிலேயே முடிந்துவிடும். ஆனா அந்தக் கட்டுரையை அவனுக்கு அனுப்பினப்போ அவன் போட்ட ரிப்ளை: "அண்ணா, அந்தப் பசங்க டியோ வாங்கணுமே, பாவம்."

அவன் இப்போ காலேஜ். பையில எப்பவும் ஸ்ப்ரே பாட்டில், ஒரு ஈரத் துண்டு. லோக்கல்ல ஃபுட்போர்டு பக்கமா நிப்பான், ஸ்டைலுக்கு இல்லை, காத்துக்கு.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வேர்க்கிற நமக்கே வெயில் பேரிடர்னா, வேர்க்காதவங்களைப் பத்தி யோசிங்க. இதைக் கேக்குறவங்கள்ல டீச்சர் இருக்கலாம், டீம் லீட் இருக்கலாம், அபார்ட்மென்ட் செக்ரட்டரி இருக்கலாம். ஒருத்தர் வெயில்ல முகம் சிவந்து, தோல் காய்ஞ்சு, மூச்சு வாங்கிக்கிட்டு நின்னா, "வேர்க்கவே இல்லையே, நடிக்கிறான்"னு நினைக்காதீங்க. நிழலுக்குக் கூட்டிட்டுப் போங்க, மேல தண்ணி ஊத்துங்க, ஃபேனைப் போடுங்க. எந்தக் குதிரைலாயத்துலயும் தெரிஞ்ச விஷயம்தான் இது.

அந்த பி.டி. சார் மேல இப்போ எனக்குக் கோபம் இல்லை. அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லலை. சித்தி அடுத்த நாளே ஸ்கூலுக்கு ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்தாங்க. ஒரே ஒரு கோரிக்கை: "என் மகன் சட்டையை நனைத்துக்கொள்ள அனுமதிக்கவும்."

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுவரைக்கும் நல்லா வேர்க்கட்டும் உங்களுக்கு.